கிளாஸ் நிறையாத சாயா

போன வெள்ளிக்கிழமை காலை. நாகர்கோவிலில் என் தம்பி வீட்டு ஹால். நாற்பது பேர் ஒரு டி.வி.யின் முன்னால் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஐந்து நிமிடம்! ஒருவர்கூட அசையவில்லை.

டி.வி.யில் கிரிக்கெட் இல்லை, சீரியலும் இல்லை. என் தம்பி டேவிட்சன் இருந்தான். அவனும் கண்ணை மூடிக்கொண்டுதான் இருந்தான் — மஸ்கட்டில்.

இதில் கூத்து என்னவென்றால், அந்த வீடியோ ஏற்பாடு முழுக்க என் பொறுப்பு. கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறவள். போதாததற்கு இரண்டு வாரம் முன்பு இதே பக்கத்தில், "வீடியோ கான்ஃபரன்ஸிங்கா? பூ... அதெல்லாம் ஒரு வேலையா?" என்று உங்களிடம் பீற்றிக்கொண்டவள். நினைவிருக்கிறதா? மறந்திருந்தால் ரொம்ப நல்லது.

மறக்காத ஒருவர் அஞ்சுகிராமத்தில் இருக்கிறார். வாழை விவசாயி. "இலையில் புள்ளி விழுந்தால் வேளாண் அதிகாரிக்கு வீடியோவிலேயே காட்டிவிடுகிறேன். அவரும் இலையைத் திருப்பு, தண்டைக் காட்டு என்று அங்கிருந்தே மருந்து சொல்லிவிடுகிறார். ஆனால் இது எப்படி வேலை செய்கிறது என்று நீங்கள் சொல்லவே இல்லையே, டீச்சர்?" என்று கேட்டு எழுதியிருந்தார். ஐயா, உங்களுக்கான பதிலும் இதில்தான் இருக்கிறது. நான் பட்ட பாட்டோடு சேர்த்துப் படித்துக்கொள்ளுங்கள்.

தம்பி இருபத்து நான்கு வருடமாக வளைகுடாவில் கிரேன் ஓட்டுகிறான். ஒரே மகள் ஷெரின். அவளுக்கு நெய்யூரில் மாப்பிள்ளை அமைந்தது. பிசியோதெரபிஸ்ட். நல்ல பையன். ஆனால் மாப்பிள்ளையின் அப்பா... ரிட்டயர்ட் ஹெட்மாஸ்டர். சம்பந்தி ஆகப்போகிற எங்களுக்கும் அவர் 'சார்'தான். பத்தரை மணி நிகழ்ச்சிக்குப் பத்தே காலுக்கு வந்து உட்கார்ந்து, மற்றவர்கள் வரும்போது வாட்சைப் பார்ப்பாரே, அந்த ரகம்.

தம்பிக்கு வருடத்தில் ஒரு லீவுதான். அதைக் கல்யாணத்துக்கு வைத்துக்கொண்டால் நிச்சயத்துக்கு வர முடியாது. சரி, வீடியோவில் வரட்டும் என்று முடிவாயிற்று. அவனுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதால் நாளையும் வெள்ளிக்கிழமையாகவே வைத்தோம்.

வீடியோவில் வந்து வேடிக்கை பார்த்துவிட்டுப் போகிற சமாசாரம் இல்லை இது. எங்கள் குடும்பத்து நிச்சயத்தில் ஒரு வழக்கம் உண்டு. சபை உபதேசியார் ஜெபம் பண்ணி முடித்ததும், பெண்ணின் அப்பாவைப் பார்த்து, "உம்முடைய மகளைக் கொடுக்கச் சம்மதமா?" என்று கேட்பார். அப்பா எழுந்து நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, "சம்மதம்" என்று வாயால் சொல்ல வேண்டும். தலையை ஆட்டினால் செல்லாது. அதற்குப் பிறகுதான் நிச்சயப் புடவை பெண்ணின் கைக்கு வரும்.

"டேவிட்சனுக்குப் பதிலா பெரியப்பா யாராவது சொல்லட்டுமே... நெட்ட நம்பி எறங்காதீங்க" என்று சொந்தத்தில் சிலர் சொல்லத்தான் செய்தார்கள். ஷெரின் ஒரே பிடியாகப் பிடித்துக்கொண்டாள்.

"நான் பொறந்தப்ப அப்பா இல்ல. ஞானஸ்நானத்துக்கு இல்ல. திடப்படுத்தலுக்கு இல்ல. டிகிரி வாங்குனப்பவும் இல்ல. இதாவது அப்பா வாயால வரணும் மாமி. வரல்லேன்னா நான் பொடவைய வாங்க மாட்டேன், கேட்டியளா?"

அப்பாவின் அக்காவை எங்கள் வீட்டில் மாமி என்றுதான் கூப்பிடுவார்கள். அந்த மாமி என்ன சொன்னாள்? "நான் இருக்கேன்லா மக்களே! நீ சொவமா போய் உறங்கு" என்றாள். வாய்!

வெள்ளிக்கிழமை ஒன்பது மணிக்கே போய்விட்டேன். பெரிய டி.வி., அதில் மாட்டிய லேப்டாப், மேலே கேமரா, ஸ்பீக்கர்... கல்யாணக் களைதான் போங்கள். வந்தவர்கள் எல்லோரும் டி.வி.யைச் சுற்றியே நின்றார்கள். நாற்பது பேரில் வீடியோவே தெரியாதவர் என்று ஒருவர்கூட இல்லை என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது.

மாப்பிள்ளையே உதாரணம். முழங்கால் ஆபரேஷன் முடிந்து வீட்டில் இருக்கிறவர்களுக்கு வீடியோவில்தான் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறாராம். வயதான பாட்டா ஒருவர், காலைக் காட்டச் சொன்னால் தன் முகத்தையே காட்டிக்கொண்டு, "மடக்கிட்டேன் டாக்டர், மடக்கிட்டேன்" என்பாராம். "முகத்தைப் பாத்தாலே தெரியும் மாமி, மடக்கலன்னு" என்று சிரித்தார்.

பக்கத்து வீட்டு வக்கீலுக்கு வீடியோவில் கோர்ட்டே நடக்கிறது. மேலே கறுப்பு கோட்டு, வெள்ளைக் கழுத்துப்பட்டை. கீழே சாரம், அதாவது லுங்கி. "எழுந்து நிற்க வேண்டிய இடத்தில் என்ன செய்வீர்கள்?" என்று கேட்டேன். "டீச்சர், வீடியோவில நிக்கானா இருக்கானான்னு எவனுக்குத் தெரியும்? தலைய மட்டும் கொஞ்சம் குனிஞ்சாப் போதும்" என்றார். இந்த வரியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் வேலை இருக்கிறது.

உபதேசியாரும் விடவில்லை. துபாயில் காய்ச்சலில் கிடக்கிறவனுக்கும், பெங்களூரில் பிரசவத்துக்கு நிற்கிறவளுக்கும் இங்கிருந்தே ஜெபம். "முன்னாடி சைக்கிள் மிதிச்சு கால் வலிக்கும். இப்ப உக்காந்து உக்காந்து இடுப்பு வலிக்குது" என்று அலுத்துக்கொண்டார்.

கடைசியாக வந்தார் லூர்தம்மாள். முட்டத்து மீன் வியாபாரி. எங்கள் குடும்பத்துக்கு இருபது வருடமாக மீன் கொடுக்கிறவர், எந்த விசேஷத்துக்கும் முதல் அழைப்பு அவருக்குத்தான். இப்போது கூடையெல்லாம் கிடையாது. கடற்கரையில் வள்ளம் வந்ததும் மீனைத் தூக்கி, செவுளைத் திறந்து திருவனந்தபுரத்து ஹோட்டல்காரர்களுக்கு வீடியோவில் காட்டுகிறார். அவர்கள் அங்கே சரி என்றதும் இங்கே ஐஸ் பெட்டி வண்டியில் ஏறுகிறது.

லூர்தம்மாள் என் ஏற்பாட்டை மேலும் கீழும் பார்த்தார். "டீச்சர், வெள்ளியாழ்ச்சயா வச்சிருக்கிய... அங்க எல்லாவனுக்கும் இன்னைக்குத்தான லீவு? எல்லாவனும் வீட்டுக்கு வீடியோ போடுவான். நெட்டு நகராது. எங்க கரையில எல்லா வள்ளமும் ஒண்ணா வந்தா இதே கததான்."

எனக்கு அது உறைக்கவே இல்லை. இயற்பியல் படித்தவளுக்கு நெட் பற்றி ஒரு மீன் வியாபாரி சொல்வதா? ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஒயரைச் சரிசெய்யப் போனேன். திமிருக்கு வேறு பெயரும் உண்டா?

இங்கே கொஞ்சம் பாடம். பயப்படாதீர்கள், பரீட்சை கிடையாது.

கேமரா, வினாடிக்கு இருபத்தைந்து முப்பது படம் எடுக்கிறது. அத்தனையையும் முழுசாக அனுப்பினால் எந்த நெட்டும் தாங்காது. அதனால் ஆப் ஒரு தந்திரம் செய்கிறது. முதலில் ஒரு முழுப் படம். அதற்குப் பிறகு, அதில் எது மாறியதோ அதை மட்டும் அனுப்புகிறது. நீங்கள் கையை ஆட்டினால் கை மட்டும் போகும்; பின்னால் இருக்கிற சுவர் மறுபடி மறுபடி போகாது. இதையும் பொடிப்பொடி பொட்டலங்களாகக் கட்டி, ஒவ்வொன்றிலும் நம்பரும் விலாசமும் போட்டு அனுப்பிவிடும். அந்தப் பக்கத்துக் கம்ப்யூட்டர் நம்பர்படி அடுக்கிப் பிரித்துக் காட்டும். லேட்டாக வரும் பொட்டலத்துக்கு அங்கே மரியாதை கிடையாது, தூக்கி எறிந்துவிடும். வழியில் நெரிசலாகிப் பொட்டலமே வராமல் போனால்? கடைசியாக வந்த படம் அப்படியே நின்றுவிடும்.

சத்தத்துக்கான பொட்டலங்கள் ரொம்பச் சின்னவை. படம்தான் இடத்தை அடைக்கிற ஆசாமி. அதனால்தான் நெட் மெலிந்தால் கேமராவை அணைத்துவிட்டுப் பேசச் சொல்கிறார்கள். இதையெல்லாம் வகுப்பில் கரும்பலகை நிறைய எழுதியவள் நான்.

பத்தரை மணி. சார் வாட்சைப் பார்த்தார். டி.வி.யில் தம்பி வந்தான். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, படிய வாரின தலை. தொழிலாளர் கேம்ப் ஹாலில் நண்பனின் லேப்டாப் முன்னால் உட்கார்ந்திருந்தான். பின்னால் கூடவே வேலை செய்கிறவர்கள் நடமாடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் மேசையருகே கெட்டிலும் கண்ணாடி கிளாஸுமாக நின்றார்.

"ஜெபம் முடியற வரைக்கும் மைக்க மூடி வையிடா. அங்க சத்தமா இருக்கு" என்று தம்பியிடம் சொன்னேன். மூடினான்.

உபதேசியார் ஜெபத்தை ஆரம்பித்தார். எங்களில் ஜெபம் என்றால் கண்ணை மூடியாக வேண்டும். சின்ன வயதில் திறந்து பார்த்து, அம்மாவிடம் தொடையில் கிள்ளு வாங்காதவர்கள் எங்கள் சபையில் உண்டா? எல்லோரும் தலை குனிந்து கண்ணை மூடினோம். நீண்ட ஜெபம். இரண்டு வீட்டாரையும், ஊரையும், பயணம் செய்கிறவர்களையும் நினைத்து, "ஆமென்" என்று முடித்தார்.

கண்ணைத் திறந்தோம். டி.வி.யில் தம்பி இன்னும் கண்ணை மூடித் தலை குனிந்திருந்தான்.

உபதேசியார் மெல்லக் கனைத்தார். அசையவில்லை. தம்பி மனைவி லிசி என் காதில், "மைனி, ஒரே பிள்ளைல்லா... உருகி ஜெபிக்காவ" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். அதைவிட சாருடைய முகம்! ஹெட்மாஸ்டர் முகத்தில் முதல் முறையாக ஒரு மலர்ச்சி. "பக்தியுள்ள மனுஷன்" என்று சன்னமாகச் சொன்னார்.

ஜெபிக்கிறவனைத் தட்டி எழுப்புகிற துணிச்சல் எவருக்கு இருக்கிறது? உபதேசியார் மறுபடி தலையைக் குனிந்தார். சார் குனிந்தார். நாங்கள் எல்லோரும் மறுபடி கண்ணை மூடிக்கொண்டோம். அதுதான் நான் முதலில் சொன்ன அந்த ஐந்து நிமிடம்.

என் முழங்கையை யாரோ இடித்தார்கள். லூர்தம்மாள்! அவர் கத்தோலிக்கர். முதல் ஆமெனுக்கே சிலுவை போட்டு, தன் கணக்கை முடித்துக்கொண்டு டி.வி.யைப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்.

"டீச்சர்... பின்னால நிக்குதவன் எவ்வளவு நேரமா சாயா ஊத்துதான்? கிளாஸு இன்னும் நெறயல்லியே!"

பார்த்தேன். கெட்டிலின் வாயிலிருந்து கிளாஸுக்கு சாயா அந்தரத்தில் கோடாக நின்றது. விழவும் இல்லை, ஓயவும் இல்லை.

அட ஆண்டவரே! படம் உறைந்து எவ்வளவு நேரமாயிற்றோ! அசையாமல் உட்கார்ந்து ஜெபிக்கிற மனிதனுக்கும் உறைந்துபோன படத்துக்கும் என்ன வித்தியாசம்? கண்டுபிடிக்க முடியாதுதான். மாறுகிறதை மட்டும் அனுப்பு என்று வகுப்பில் கத்திய நான்தான், எதுவுமே மாறாத படத்தின் முன்னால் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தேன்.

"நெட் போச்சு!" என்று நான் கத்திய கத்தலில் நாற்பது பேரும் கண்ணைத் திறந்தார்கள். ஹாலில் ஒரே வெப்ராளம். ஒருவர் ரூட்டரை அணை என்றார். ஒருவர் டி.வி.யைத் தட்டினார். நான் ஒயரைப் பிடுங்கிச் சொருகினேன், ஒரு புண்ணியமும் இல்லை. ஷெரின் மடியில் கைகளைக் கோத்துக்கொண்டு டி.வி.யில் நின்றுபோன அப்பாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். மாப்பிள்ளை வீட்டில் ஒரு பெரியவர், "நேரம் போகுதே... வேற யாராவது சொல்லிரட்டும்" என்று ஆரம்பித்தார். அந்த நிமிடத்தில் எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"எதுக்கு இந்தப் பாடு?" என்றார் லூர்தம்மாள். "படம் நின்னா நான் படத்த விட்டுட்டு சத்தத்துலதான் யாவாரம் முடிப்பேன். சாதா போன்ல கூப்பிடுங்க."

சாதா போன்! வெளிநாட்டுக்கு சாதா போனில் பேசி எங்களுக்கு எத்தனை காலமாயிற்று! எங்கள் எவர் போனிலும் அந்த வசதி இல்லை. சார்தான் சட்டைப் பையிலிருந்து தன் போனை எடுத்தார். இளைய மகன் கத்தாரில் இருப்பதால் அவரிடம் இருந்தது. லிசி நம்பரைச் சொல்லச் சொல்ல அழுத்தி, எல்லோருக்கும் கேட்கட்டும் என்று ஸ்பீக்கரிலும் போட்டார்.

மணி அடித்தது. எடுத்தான். சார் தொண்டையைச் செருமி, "ஹலோ" என்றார்.

அந்தப் பக்கத்திலிருந்து, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு ரகசியக் குரல்.

"எவம்லே அது? இங்க ஜெபம் நடக்கு! அறிவில்லியாலே உனக்கு? வைலே போன!"

வைத்துவிட்டான்.

லிசி சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். சார் போனைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். வாழ்நாளில் அவரை யாராவது 'லே' போட்டிருப்பார்களா? அதுவும் பெண் வீட்டுக்காரர்? சம்பந்தம் முறிந்தது என்றே நினைத்தேன்.

சாருடைய தோள் குலுங்கியது. அடுத்து வயிறு குலுங்கியது. கடைசியில் வாய்விட்டே சிரித்தார். கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார்! "எத்தன வருஷமா அசெம்பிளியில ஜெப நேரத்துல பேசாதேன்னு பிள்ளைகளத் திட்டியிருக்கேன். இன்னைக்கு எனக்கே ஒருத்தர் போட்டுட்டாரே! இந்த மனுஷன் எனக்குச் சம்பந்தியா வேணும்!"

ஹாலே அதிர்ந்தது. மறுபடி அழைத்தார். இந்த முறை லிசி முந்திக்கொண்டு, "போன வைக்காதிய! ஜெபம் எப்பவோ முடிஞ்சாச்சு!" என்று அலறினாள்.

விஷயம் மெல்ல வெளியே வந்தது. அவனுக்கும் எங்கள் படம் உறைந்துதான் போயிருக்கிறது. ஜெபத்தின் பாதியில் உபதேசியாரின் சத்தம் நின்றதும், மௌன ஜெபம் என்று நினைத்திருக்கிறான்! "ஒரு தடவ ஒத்தக் கண்ணத் தொறந்து பாத்தேன் அக்கா. நீங்க எல்லாரும் கண்ண மூடி இருந்திய. வெக்கமாப் போச்சு... திரும்பவும் மூடிட்டேன்" என்றான். இங்கே நாங்கள் அவனுக்காக, அங்கே அவன் எங்களுக்காக. "முதல்ல திட்டினது மாப்பிள்ளைக்க அப்பாவயாக்கும்" என்று நான் சொன்னதும், "ஐயோ சாரே... மன்னிக்கணும்... தெரியாமச் சொல்லிட்டேன் சாரே..." என்று பதறினான். சார் சிரிப்பை அடக்க முடியாமல் போனையே ஷெரினிடம் நீட்டினார்.

உபதேசியார் போனுக்குப் பக்கத்தில் வந்து குனிந்து கேட்டார். "டேவிட்சன், உம்முடைய மகள் ஷெரினைக் கொடுக்கச் சம்மதமா?"

பதில் இல்லை.

ஒரு வினாடி. இரண்டு. ஐந்து... இதுவும் போய்விட்டதா? நான் ஸ்கிரீனைப் பார்த்தேன். லைன் இருக்கிறது. வினாடிகள் ஓடிக்கொண்டிருக்கின்றன.

"அப்பா?" என்றாள் ஷெரின்.

மூக்கை உறிஞ்சுகிற சத்தம் கேட்டது. "இருக்கேன் மக்களே... எங்கயும் போகல்ல. ஒரு நிமிஷம் பொறு."

நெட்டில் கோளாறு இல்லை என்று எல்லோருக்கும் புரிந்தது. பிறகு அந்தக் குரல் வந்தது — கிரேன் மேலிருந்து கீழே நிற்பவர்களுக்குக் கேட்கக் கத்திப் பழகிய குரல்.

"சம்மதம்! எனக்க மொவளக் குடுக்க எனக்கு முழு மனசோட சம்மதம்!"

பின்னால் கேம்ப் முழுக்கக் கைதட்டியது போனிலேயே கேட்டது. லிசி அழுதாள், நான் அழுதேன், ஷெரின் அழுதுகொண்டே சிரித்தாள்.

சரியாக அந்த நேரத்தில், டி.வி. ஒரு துள்ளுத் துள்ளி உயிர் பெற்றது.

சாயா ஊற்றியவர் எப்போதோ ஊற்றி முடித்து, கிளாஸைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு முன்னால் என் தம்பி... போனைக் காதில் வைத்துக்கொண்டு, சட்டையை இழுத்துவிட்டு, நிமிர்ந்து நின்றுகொண்டிருந்தான். எழுந்து நின்றுதான் சொல்லியிருக்கிறான்! தன் முகம்கூட யாருக்கும் தெரியவில்லை என்று தெரிந்தும், சொல்ல வேண்டிய முறைப்படி எழுந்து நின்றிருக்கிறான். அவனுக்குப் பின்னால் கேம்ப்காரர்கள் அத்தனை பேரும் நின்றிருந்தார்கள்.

வக்கீலைத் திரும்பிப் பார்த்தேன். அவரும் எழுந்து நின்றிருந்தார். நல்லவேளை, இன்றைக்கு வேட்டி.

ஷெரின் நிச்சயப் புடவையை இரண்டு கையாலும் வாங்கி, நேராக டி.வி.யிடம் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டினாள். அவன் பார்த்தான். நன்றாகத்தான் பார்த்தான் என்று நினைக்கிறேன், ஏனென்றால் படம் மறுபடியும் நின்றுவிட்டது. இந்த முறை கண்ணைத் திறந்து, வாயெல்லாம் பல்லாகச் சிரித்தபடி. யாரும் ரூட்டரைத் தொடவில்லை. அந்தப் படத்தின் முன்னால்தான் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

அஞ்சுகிராமத்து ஐயா, வீடியோ கான்ஃபரன்ஸிங் இப்படித்தான் வேலை செய்கிறது. வேலை செய்யாதபோது எப்படி என்பதையும் சேர்த்தே சொல்லிவிட்டேன்.

கிளம்பும்போது சார் லூர்தம்மாளைத் தனியாக அழைத்து ஒரு வேண்டுகோள் வைத்தார். கல்யாணத்துக்குச் சம்பந்தி நேரில்தான் வருகிறார், நெட் தேவையில்லை. ஆனாலும்...

"ஜெப நேரத்துல நீங்க மட்டும் கண்ணத் தொறந்து வச்சிருங்கம்மா!"